பதிகம் முழுவதும் பாடியபின் திறந்த கதவு

வாசகர் கேள்விகளும் இசையாசிரியை பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, மொரீஷியஸின் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும், வாழ்க்கை அனுபவம் இல்லாமல் பாட்டில் உயிர் வருமா என்ற ஒரே ஐயத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. ஆகையால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த நான்குக்கும் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு வயது பதினான்கு. ஆறு ஆண்டுகளாகக் கர்நாடக சங்கீதம் கற்று வருகிறாள். தைப்பூசக் காவடியின்போது எங்கள் ஊர்க் கோயிலில் பாடினாள். சுருதி விலகவில்லை, தாளம் பிசகவில்லை. ஆனால் பாடி முடித்ததும் ஒரு பெரியவர், "பாட்டு சுத்தமாக இருக்கிறது, உயிர்தான் இல்லை, கல்யாணம் ஆகி நாலு கஷ்டம் பட்டால் தானாக வரும்" என்றார். அன்றிலிருந்து அவள் பாடவே தயங்குகிறாள். பாவம், அதாவது பாட்டில் வெளிப்படும் உணர்ச்சி, வயதானால்தான் வருமா, அம்மா?
– ஒரு தாய், ரோஸ் ஹில்

பதில்: நாளைக் காலையே உங்கள் மகளைச் சுருதிப் பெட்டியின் முன் உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள்; மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்தப் பெரியவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் பதினான்கு வயதுப் பெண்ணிடம், கஷ்டப்பட்டால்தான் பாட்டு வரும் என்று சொல்லியிருக்கக் கூடாது. அந்தச் சொல் ஒரு குழந்தையின் வாயை அடைத்துவிட்டது என்பதை நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் சங்கீதத்தில் பாவம் என்பது பாடுகிறவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து மட்டுமே ஊறி வருவதன்று. அதில் பெரும்பகுதி ராகத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம் என்ற ஸ்வரத்தை அசைவில்லாமல் நிறுத்திப் பாடிப் பாருங்கள், அது தோடியாகவே ஒலிக்காது; ரிஷபத்தின் பக்கம் இறங்கியும் மத்தியமத்தின் பக்கம் எட்டியும் அது அசைகிற அந்த அசைவில்தான் அந்த ராகத்தின் ஏக்கம் முழுவதும் இருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் போன்ற நாகசுர மேதைகளும், அவர்களுக்கு முன் பெயர் தெரியாமல் வாழ்ந்து மறைந்த எத்தனையோ பேரும், அந்த அசைவை இழைத்து இழைத்து நம் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல குருவிடமிருந்து அதைக் காதால் வாங்கிக்கொண்ட குழந்தை, ஏக்கம் என்றால் என்னவென்று அறியாமலேயே ஏக்கத்தைப் பாடிவிடும். அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது. தாலாட்டுக் கேட்டு வளர்ந்த குழந்தை தன் பொம்மைக்கு அதே தாலாட்டைப் பாடும்போது, இதில் தாய்மை இல்லை என்று யாராவது சொல்வோமா?

நம் கோயில்களில் ஓதப்படும் தேவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஞானசம்பந்தர் மூன்று வயதில் பாடத் தொடங்கிப் பதினாறு வயதில் மறைந்தவர் என்பது மரபு. நாவுக்கரசரோ, சமண சமயத்தில் பல காலம் வாழ்ந்து, சூலை நோயில் துடித்து, தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்தபின் பதிகம் பாடத் தொடங்கி, எண்பத்தோரு வயது வரை வாழ்ந்தவராகச் சொல்லப்படுகிறார். வயதில் தாத்தாவும் பேரனும் போன்ற இந்த இருவரையும் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இரண்டு இடங்களில் அருகருகே நிறுத்திக் காட்டுகிறார். அந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று திருமறைக்காடு, அதாவது இன்றைய வேதாரண்யம். வேதங்கள் பூசித்து அடைத்த கதவு திறக்கும்படி நாவுக்கரசர் பாடுகிறார், கதவு அசையவில்லை. ஒவ்வொரு பாட்டாகப் பதிகம் வளர்ந்துகொண்டே போகிறது. கடைசிப் பாட்டில், உமக்கு இரக்கமே இல்லையா என்று அவர் மன்றாடிய பிறகுதான் கதவு திறக்கிறது. அதே கதவு அடைக்கும்படி சம்பந்தர் பாடும்போது, முதல் பாட்டு முடிவதற்குள் அடைத்துக்கொள்கிறது. நான் அரிதிற்பாடித் திறந்த கதவு சம்பந்தப் பிள்ளையார் பாட்டுக்கு இத்தனை எளிதாக அடைத்துக்கொண்டதே என்று நாவுக்கரசர் அன்றிரவு மடத்தில் கவலையோடு படுத்திருந்தார் என்று புராணம் சொல்கிறது. மேடையில் ஒரு சிறுமி பாடி முடித்தபின் தம் பாட்டை நினைத்துக் கலங்கிய மூத்த வித்வான்களை நான் அறிவேன். ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்பே சேக்கிழார் அந்தக் கலக்கத்தை எழுதி வைத்திருக்கிறார்.

மற்றொன்று திருவீழிமிழலை. பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு அமுது படைப்பதற்காக இருவருக்கும் நாள்தோறும் ஒரு பொற்காசு இறையருளால் கிடைக்கிறது. சம்பந்தருடைய காசைக் கடைவீதியில் கொடுத்தால் வணிகர்கள் வட்டம், அதாவது காசின் மதிப்பில் கழிவு, கேட்கிறார்கள். அதனால் அவருடைய மடத்தில் சோறு தாமதமாகிறது. நாவுக்கரசருடைய காசு ஒரு குறையும் இல்லாமல் செல்லுபடியாகிறது. காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது: அவர் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய கைத்தொண்டர். சேக்கிழார் இங்கே அவருடைய வயதைக் காரணமாகக் காட்டவில்லை. சூலை நோயையும் காட்டவில்லை. கையால் செய்த தொண்டைக் காட்டுகிறார். உங்கள் மகளுக்கு நான் தரக்கூடிய பதில் முழுவதும் அந்தக் காசில் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் வயது எதையும் தருவதில்லையா என்றால், தருகிறது. பொறுமையைத் தருகிறது. இளம் பிள்ளைகளுக்கு மேடையில் அமைதி என்றால் பயம். ஒரு ஸ்வரத்தில் கார்வை கொடுத்து நின்றால், அடுத்து என்ன என்று எல்லாரும் தம்மையே பார்ப்பதாகத் தோன்றிவிடும். உடனே அந்த இடைவெளியைப் பிருகாவால், அதாவது வேகமான ஸ்வர உருட்டலால், நிரப்பிவிடுவார்கள். பத்துச் சங்கதி தெரிந்தால் பத்தையும் பாடிவிடுவார்கள். அந்தப் பெரியவர் உயிர் இல்லை என்று சொன்னது, அநேகமாக, மூச்சு விட இடம் இல்லை என்பதைத்தான். நம் தீவில் பல பிள்ளைகள் தேர்வுக்காகவே பாடம் கற்கிறார்கள். தேர்வில் பிழைக்கு மதிப்பெண் குறையும், நிதானத்துக்கு மதிப்பெண் கூடாது. ஆகவே இது உங்கள் மகளுடைய குறையன்று. வாரத்தில் ஒரு நாள், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு ராகத்தை, தாளமும் சாகித்தியமும் இல்லாமல், அவள் விரும்புகிற வரையில் பாடிப் பார்க்க விடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் இப்போது தள்ளி வைக்கச் சொல்வேன். க்ஷேத்ரக்ஞருடைய பதங்களை அவளுக்கு இன்னும் சில ஆண்டுகள் கற்பிக்க வேண்டாம். பொருள் பெரியவர்களுடைய காதலும் ஊடலும் என்பது ஒரு காரணம். ஆனால் முக்கியமான காரணம் அவற்றின் விளம்ப காலம், அதாவது மிக மெதுவான நடை. வீணை தனம்மாளின் வழியில் வந்த பிருந்தாவும் முக்தாவும் பாடிய பதங்களைக் கேட்டால் தெரியும்: ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் ராகம் முழுவதும் ஒருமுறை கண்முன் வந்து போகும். அந்த நடைக்கு வேண்டிய மூச்சும் மனமும் பதினான்கு வயதில் இராது. கேட்கட்டும், பாட வேண்டாம்.

கேள்வி: வாழ்க்கையில் பெருந்துயரம் கண்டவர்களே உருக்கமாகப் பாட முடியும் என்று என் தந்தையார் சொல்வார். கே.பி. சுந்தராம்பாளை உதாரணம் காட்டுவார். இது சரியா?
– ஒரு வாசகர், வாக்குவா

பதில்: உங்கள் தந்தையாரின் மேல் எனக்குள்ள மரியாதையோடு, இதை மறுக்கிறேன்.

சுந்தராம்பாள் அம்மையாரின் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அவருடைய கணவரும் நாடகப் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் காலமானபோது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. அதன்பின் வாழ்நாள் முழுவதும் வெள்ளைப் புடவையில் இருந்தார். 1953-இல் திரையில் ஔவையாராக வந்து அவர் பாடியதைக் கேட்டவர்கள், அந்தக் குரலில் இருந்த உருக்கத்தை அந்த வெள்ளைப் புடவையோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் கிட்டப்பாவைச் சந்திப்பதற்கு முன்பே, சிறுமியாக இருக்கும்போதே, நாடக மேடையில் பாடிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர் அவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் சொல் சிதையாமல் கொண்டு சேர்த்த அந்தத் தொண்டை ஒரே நாளில் வந்ததா? அதை அவருடைய துயரத்தின் கணக்கில் எழுதுவது அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகும். கிட்டப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள், இருபத்தேழு வயதுக்குள் முடிந்துபோன வாழ்க்கையில், அவர் பாட்டைக் கேட்டவர்கள் எதைக் குறையாகக் கண்டார்கள்?

துயரப்பட்டவர்கள் எல்லாரும் உருக்கமாகப் பாடுவதாக இருந்தால், நம் தீவில் கரும்புத் தோட்டத்தில் உழைத்த அத்தனை பேரும் சங்கீத மேதைகளாகியிருக்க வேண்டும். துயரம் பலரைப் பாடவிடாமல்தான் செய்திருக்கிறது. கணவர் சதாசிவம் 1997-இல் மறைந்தபின் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா கச்சேரி மேடைக்குத் திரும்பவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

எம்.எஸ். அம்மாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய இளமைக்காலப் பதிவுகளையும், 1960-களுக்குப் பிந்தைய பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதலாவதில் மின்னல் வேகமும், பின்னதில் சொல்லின்மீது ஒரு கனமும் நன்றாகத் தெரியும். வாழ்க்கை முதிர்ச்சி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அகில இந்தியப் புகழ் பெற்ற பின்பும் பிருந்தாவிடம் உட்கார்ந்து பதம் கற்றுக்கொண்டவர் அவர். வடமொழிச் சொற்களின் உச்சரிப்பை அறிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டவர். முதிர்ச்சி என்று நாம் சொல்வதில் எத்தனை பங்கு மாணவியாகவே இருந்ததால் வந்தது என்பதை யாரும் கணக்கிடுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: நாங்கள் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறோம். தமிழ்ப் பாட்டு, தெலுங்குப் பாட்டு இரண்டையும் எழுத்தைப் பார்த்து மனப்பாடம் செய்கிறோம். சொல்லின் பொருளே நெஞ்சில் படாதபோது, எங்கள் அனுபவம் பாட்டுக்குள் எப்படி வரும்?
– ஒரு மாணவி, மாயேபூர்

பதில்: பெண்ணே, நீ கேட்டதுதான் நம் நாட்டுப் பாடகர்களுக்கு மிகவும் நெருக்கமான கேள்வி. 1970-இல் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் உருவானதிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் முறையாக இசை பயின்று வந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு உன்னைப் போலவே பாட்டின் மொழி வேறு, வீட்டின் மொழி வேறு. என்னிடம் படித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பத்தொன்பது வயதில் அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் கீர்த்தனைகளிலிருந்து மாஞ்சி ராகத்தில் அமைந்த 'வருகலாமோ' பாட்டைக் கற்றுக்கொண்டார். தில்லைக்கு வந்தும் உள்ளே போக முடியாமல் வெளியே நிற்கிற நந்தன், ஐயா, நான் வரலாமா என்று கேட்கிற இடம் அது. பொருளைச் சொல்லிக்கொடுத்தேன், குறிப்பேட்டில் கிரியோலில் எழுதிக்கொண்டார். அழகாகவும் பாடினார். ஆனால் அந்த 'மோ' என்ற எழுத்துக்கு வரும்போதெல்லாம் அதைச் சற்று மேலே தூக்கி, ஒரு சின்ன பிருகாவால் சுற்றி இறக்குவார். கேட்க இனிமையாக இருக்கும். அனுமதி கேட்கிறவன் அப்படிக் கேட்பானா என்று நான் பலமுறை சொன்னேன். புரிகிறது என்பார், மறுபடியும் அப்படியே பாடுவார்.

பிறகு ஆடைத் தொழிற்சாலையில் வேலை, திருமணம், பிள்ளைகள். வகுப்புக்கு வருவது நின்றுவிட்டது. நாற்பத்தொரு வயதில் ஒரு சனிக்கிழமை திரும்பி வந்தார். குரலின் சுருதி ஐந்தரைக் கட்டையிலிருந்து நாலரைக்கு இறங்கியிருந்தது. எதைப் பாடட்டும் என்று கேட்டுவிட்டு, அதையே பாடினார். 'வருகலா' என்பதுவரை சாதாரணமாகவே வந்தது. 'மோ' என்பதைத் தூக்கவில்லை, சுற்றவில்லை. அரைத் தட்டு தாமதித்து, சற்றுத் தாழ்ந்த குரலில் வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவரைப் போல நிறுத்தினார். மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்த பையனும் கையைத் தூக்கிவிட்டான். நான் தாளத்தைத் தொடையில் போட்டபடியே இருந்தேனா, நிறுத்திவிட்டேனா என்பது இன்றும் நினைவில்லை.

பின்னர்ப் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார். தாயார் பக்கவாதத்தில் பல மாதம் மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். தொழிற்சாலை முடிந்து இவர் போய்ச் சேரும்போது பார்வையாளர் நேரம் முடிந்திருக்கும். வாசற்காவலரிடம் தினமும் ஒரே கேள்வி: "மோ கபாவ் ரான்த்ரே?" நான் உள்ளே வரலாமா என்று பொருள். கிரியோலில் 'மோ' என்றால் நான். அந்தத் தமிழ்ச் சொல்லோ 'மோ' என்று முடிகிறது. இரண்டும் ஒரே ஒலியாக வாயில் வந்து நின்ற ஒரு மாலையில், நந்தன் எங்கே நின்றான் என்று தமக்குத் தெரிந்துவிட்டதாகச் சொன்னார்.

ஆனால், கவனி. அந்த வாசல் மட்டும் அந்தப் பாட்டை அவருக்குக் கொடுத்துவிடவில்லை. அந்த வாசலில் நின்ற எத்தனையோ பேருக்குப் பாட்டு வந்துவிடவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக, வகுப்புக்கு வராவிட்டாலும், காலையில் பிள்ளைகளுக்கு ரொட்டி கட்டிக்கொடுக்கும்போது அவர் அதை முணுமுணுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மாஞ்சியின் நெளிவுகள் யோசிக்காமல் வரும் அளவுக்குத் தொண்டையில் படிந்திருந்ததால்தான், பட்டதைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் இருந்தது. ஆகையால் பொருளை உன் வீட்டு மொழியிலேயே கேட்டுத் தெரிந்துகொள். அதில் குறைவொன்றும் இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் ஒரே ஒரு சொல்லையாவது, சமையலறையிலும் பேருந்திலும் நீ சொல்லக்கூடிய ஒரு வாக்கியமாக மாற்றிப் பார். மற்றச் சொற்கள் மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: எனக்கு ஐம்பத்திரண்டு வயது. திருமணத்துக்கு முன் எட்டு ஆண்டுகள் பாட்டுக் கற்றேன். முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் மறுபடியும் தொடங்க ஆசை. மேல் ஸ்தாயி எட்டவில்லை, குரல் கரகரக்கிறது. என் வாழ்க்கை அனுபவம் இந்தக் குறையை ஈடு செய்யுமா?
– ஒரு வாசகி, காத்ர் போர்ன்

பதில்: சகோதரி, ஈடு செய்யாது. உங்களுக்கு உற்சாகம் தருவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். வயது ஏற ஏறக் குரல் நாண்களின் மீள்தன்மை குறைகிறது. மூச்சின் அளவும் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் குரல் தாழ்வது இயல்பு. அனுபவம் இருக்கிறது என்று சாதகத்தை, அதாவது அன்றாடப் பயிற்சியை, குறைத்துக்கொண்டவர்களின் கச்சேரிகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு உருகுவார்கள், சுருதி எங்கோ இருக்கும். இப்படிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். ஆனால் உருக்கம் சுருதியில் நின்றால்தான் கேட்பவரிடம் வந்து சேரும்.

ஈடு செய்யாது என்றேனே தவிர, பயன்படாது என்று சொல்லவில்லை. செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு இயற்கையில் அமைந்த சாரீரம் இனிமையானதாக இல்லை என்பது இசையுலகம் அறிந்தது. தம் தொண்டை எதற்கு இணங்கும், எதற்கு இணங்காது என்பதை அறிந்து, இணங்காததை இணங்கவைக்க இடைவிடாமல் உழைத்தார். 1908-இல் பிறந்தவர் தொண்ணூறு வயதைத் தாண்டியும் பாடினார். சத்யஜித் ராய் 1976-இல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியை ஆவணப்படமாக எடுத்தபோது அந்த அம்மையாருக்கு ஐம்பத்தெட்டு வயது; உடல் கனத்திருந்தது. ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறிய கால்களின் துள்ளலை அங்கே யாரும் தேடவில்லை. ஒரு புருவ அசைவுக்காகக் காத்திருந்தார்கள். உங்களுக்கும் இப்போது வேண்டியது, இருபது வயதில் பாடியதை எட்டிப் பிடிப்பதன்று. இருக்கிற குரல் எது என்று அறிந்துகொள்வதுதான்.

நாலரைக் கட்டையில் தொடங்குங்கள். அதுவும் கடினமாக இருந்தால் நான்கு. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை முதல் காலத்தில் மட்டும், ஸ்வரப் பெயர் சொல்லாமல் அகாரமாகப் பாடுங்கள். முப்பது ஆண்டுக்கு முன் கற்ற கீர்த்தனைகளை உடனே எடுக்க வேண்டாம். அன்று கற்ற பாடும் முறையான பழைய பாடாந்தரம் பழைய குரலைத் தேடும், கிடைக்காமல் மனம் சோரும். புதிதாக ஒரு தேவாரத்தையும் சஹானா ராகத்தில் ஒரு பாட்டையும் கற்றுக்கொள்ளுங்கள். சைக்ளோன் எச்சரிக்கை மூன்று அறிவித்து மின்சாரமும் போன நாட்களில், சுருதிப் பெட்டி இல்லாமல் ஷட்ஜத்தில் நிற்க முடிகிறதா என்று சோதித்துப் பார்ப்பது என் வழக்கம்; நீங்களும் செய்து பாருங்கள்.

மேல் ஷட்ஜத்தை மூன்று மாதத்துக்குத் தேடிப் போகாதீர்கள். அதற்குப் பதிலாகக் காலையில் முதல் வேலையாக கீழ் ஸ்தாயியில் உள்ள மந்தர பஞ்சமத்துக்கு இறங்கி, அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். இருபது வயதில் அந்த இடம் உங்களுக்குக் காற்றாகத்தான் வந்திருக்கும். இப்போது குரலாக வரும்.